நான் வாங்க மறுத்த நிரை

மலேசியாவின் கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் என்னிடம் படம் காட்டுவார்கள். தேயிலைச் சரிவு, பனி, நடுவில் சிரித்துக்கொண்டு அவர்கள். "இங்கேயா பொறந்தீங்க? குடுத்துவச்சவங்க" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று வரும். இந்தச் சரிவில் என் அம்மா எந்தெந்த இடத்தில் வழுக்கி விழுந்தாள் என்று விரல் வைத்துக் காட்டட்டுமா என்று கேட்கத் தோன்றும். கேட்கமாட்டேன். படம் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர் கலக்க எழுந்து போய்விடுவேன்.

நான் சொல்லப்போவது எழுபதுகளில் ஒரு வருடக் கடைசி விடுமுறையைப் பற்றி. மூன்றாம் படிவ முடிவில் வரும் எல்.சி.இ. அரசாங்கப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தேறினால் நான்காம் படிவம், தேறாவிட்டால் தேயிலை. வேறு வழி எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. லயம் என்றால் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள்; எங்களுடையது ரிங்லெட்டுக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் பத்து வீடு. அந்தப் பத்து வீட்டிலிருந்து அதுவரை ஒரு பெண்கூட நான்காம் படிவத்துக்குப் போனதில்லை. நான் போவேன் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிறவர்கள் இடைநிலைப் பள்ளியில் முதலில் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அதனால் மற்றப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது எங்களுக்குப் பதினாறு. அந்த ஒரு வயதுதான் எனக்கு வினையாக வந்தது. பதினாறு நிறைந்தால் தோட்டத்துக் கணக்கில் நீங்கள் பெரியாள்.

விடுமுறையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் யாரும் சும்மா இருந்ததில்லை. லெம்பா பெர்த்தாம் பக்கத்துச் சீனப் பிள்ளைகள் அப்பாவின் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்கினார்கள். பிரிஞ்சாங் பையன்கள் ஹோட்டலில் தட்டுக் கழுவினார்கள். எங்களுக்குக் கொழுந்து. மழைக்காலத்தில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும், பறிக்கக் கை போதாது. அதனால் தோட்டமே எங்களைக் கூப்பிடும். எங்களுக்குப் பெயர் 'லீவு ஆள்'. லீவு ஆளுக்குக் கூடை கிடையாது, மாவுச் சாக்கில் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். தண்டல், அதாவது மலையில் எங்களை மேய்க்கிறவர், நோட்டில் எங்கள் பெயரைக்கூட எழுதமாட்டார். இன்னாருடைய மகள் என்று அப்பா பெயரைப் போட்டு முடித்துக்கொள்வார். அது அவமானம் என்று அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை என்று பிறகு புரிந்தது.

என் பக்கத்து வீட்டுக்காரி என் வகுப்புதான். கெட்டிக்காரி. சாக்கில் முத்தல் இலையாகப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். மொட்டும் இரண்டு இலையும்தான் எடுக்க வேண்டும், அதற்குக் கீழே இருப்பது முத்தல், தொழிற்சாலையில் ஆகாது. தினமும் தண்டல் அவள் சாக்கைக் கொட்டிப் பார்த்துக் கத்துவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

"நீயும் முத்தலப் போடுடி. திட்டு வாங்கறவள யாரும் மலையில வச்சிக்கமாட்டாங்க லா" என்றாள் என்னிடம்.

நான் கேட்கவில்லை. எனக்கு எதையும் மட்டமாகச் செய்ய வராது. நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள், திமிர். கணக்கில் முதலாவதாக வர வேண்டும், கொழுந்திலும் முதலாவதாக வர வேண்டும். நகத்தால் கிள்ளினால் காம்பு கறுத்துப்போகும் என்று விரலை மடக்கி ஒடித்துப் பறித்தேன். இரண்டு கையும் ஓடும். இரண்டாவது வாரமே தண்டல் என் சாக்கைக் கொட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். "பாரு, அம்மா கை அப்படியே வந்திருக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் இன்னும் வேகமாகப் பறித்தேன்.

அம்மாவின் வலது முட்டி அந்த வருடம் மோசமாகிவிட்டது. அவளுக்கு மூலையிலிருந்து மூன்றாவது நிரை. நிரை என்றால் ஒரு ஆள் பறிக்க வேண்டிய செடி வரிசை. சாலையோரம் தொடங்கிச் சரிவில் நேராக மேலே போகும். தோட்டத்தில் எந்த மலைக்குப் போனாலும் மூன்றாவது நிரை அம்மாவுடையதுதான். பதினெட்டு வருடமாக அதில் ஏறி இறங்கியிருந்தாள். இப்போது ஏறும்போது செடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்துப்போட்டாள்.

மலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை ஒன்று லயத்துக்குக் கீழே இருந்தது. கூரை உண்டு, பாய் உண்டு, பாதி நேரம் உட்கார்ந்தே பார்க்கலாம். அங்கிருந்த ஆயா வருடக் கடைசியோடு மகன் வீட்டுக்குப் போகிறார் என்று பேச்சு. அம்மாவுக்கு அந்த வேலைமேல் ஆசை. வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அந்தக் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் நடையைக் குறைப்பாள். நான் பின்னால் வந்தேன், பார்த்தேன். ஆனால் அந்த வேலைக்குக் கிராணி ஒரு நிபந்தனை வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஆபீஸில் கணக்கும் ஆளும் அவர் கையில்தான். மலையில் ஆள் குறையக் கூடாது, அம்மா இறங்கினால் அவள் நிரைக்கு அவள் வீட்டிலிருந்தே ஒருத்தி ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியும். வீட்டில் இருந்த ஒருத்தி நான்தான்.

ஒரு நாள் காலையில் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. முட்டி சிவந்து வீங்கியிருந்தது. வெளியே மழை. "நீ இன்னிக்கி வராதம்மா" என்று சொல்லிவிட்டு, வாசலில் கவிழ்த்திருந்த அவள் கூடையை எடுத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். காலையில் எல்லாரும் கூடி ஆள் கணக்குக் கொடுக்கும் இடம் அது. அவளுடைய ஒரு நாள் கூலி வீணாகிவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகள் அம்மாவின் கூடையைத் தலையில் மாட்டிப் பெரட்டில் நின்றால், நிரை கைமாறிவிட்டது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் வீட்டில் பேசி, நாள் பார்த்து, தேங்காய் உடைத்துச் செய்தது. முட்டி வீங்கியதற்காக ஒரு நாள் தூக்கிவந்த கூடைக்கும் அதே அர்த்தம் வைப்பார்கள் என்று நான் எப்படி நினைப்பேன்?

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி குலவை போட்டாள். பிறகு எல்லாரும் போட்டார்கள். தண்டல் பையிலிருந்த கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துக் கூடை விளிம்பில் ஒரு பொட்டு வைத்தார். "மூணாவது நெர. ஏறும்மா" என்றார். 'மா' போட்டார். அதுவரை 'ஏய்' தான். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினேன். மழையில் கூடை நிறைய நிறையத் தலையில் கயிறு இறுகியது. பாதிச் சரிவில்தான் பக்கத்து வீட்டுக்காரி, "உனக்கென்ன பைத்தியமா? எதுக்குடி வாங்கிக்கிட்ட?" என்று கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பா ரிங்லெட்டிலிருந்து ரொட்டி வாங்கி வந்திருந்தார். சர்க்கரை தூவிய ரொட்டி, தீபாவளிக்குக்கூட வாங்காதது.

"நீயே எடுத்து மாட்டிட்டியாமே" என்றார். குரல் இளகியிருந்தது. "எப்படி ஒன்கிட்ட சொல்றதுன்னு ஒரு மாசமா யோசிச்சிக்கிட்டிருந்தேன். கிராணி ஒன் பேர எழுதிட்டாரு. சனவரியிலேருந்து அம்மா ஆயாக் கொட்டகைக்குப் போயிரும்."

"ரிசல்ட்டு இன்னும் வரலப்பா."

"வரட்டும். பாஸான புள்ளன்னு ஒரு பேரு இருந்தா நல்லதுதானே."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ரொட்டியை நான் தொடவில்லை.

ரிசல்ட் வந்த அன்று தண்டலிடம் போய், தானா ராத்தாவுக்குப் போய்ப் பள்ளியில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். லீவு ஆள் போகிறேன் என்றால் தலையை ஆட்டுவார். அன்றைக்கு ஆட்டவில்லை.

"பேரு பதிஞ்ச ஆளுக்கு ஏது லீவு? நெரைய யாரு பாப்பா?"

"நெர எங்கயும் ஓடிப்போவாது தண்டல்" என்று சொல்லிவிட்டுக் கூடையை மூன்றாவது நிரையின் அடியில் வைத்தேன். அவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. காய்கறி லோரி ஒன்றை நிறுத்தி ஏறிக்கொண்டேன். ரப்பர் பூட்ஸ், இடுப்பில் மழைக்குச் சுற்றிய பிளாஸ்டிக் சீட்டு, அப்படியே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். தாழ்வாரம் முழுக்க என் கால் சேறு. ஆபீஸ் பையன் ஏதோ கத்தினான். கத்தட்டும். பலகையில் என் எண்ணைத் தேடினேன். தேறியிருந்தேன், நன்றாகவே. பக்கத்து வீட்டுக்காரி தேறவில்லை. என்னைவிட அவளுக்குத்தான் மூளை அதிகம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"பாஸாயிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"மொதல்ல கால கழுவிட்டு வா" என்றாள்.

அப்பா வந்ததும், நான் நான்காம் படிவத்துக்குப் போகிறேன் என்று நின்றேன். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா கால ஒரு தடவ பாரு. பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

"பாத்துட்டேன். இந்த மலையிலதானே அந்தக் காலு அப்படி ஆச்சி? அதே மலைக்கி என் காலையும் குடுக்கச் சொல்றீங்களா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பேசியது நியாயம். இன்றைக்கும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். ஆனால் நியாயம் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மா எதிரிலேயே சேலையை ஒதுக்கி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தேய்க்கவில்லை, வலித்ததால் தேய்த்தாள். பார்த்தும் என் மனம் மாறவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை பெரட்டுக்குக் கிராணியே வந்திருந்தார். புது ஆயா யார் என்று சொல்லப்போகிறார். அம்மா துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டு இல்லை, காலில் பூட்ஸ் இல்லை, சாதாரணச் செருப்பு. அதைப் பார்த்தபோது ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு தலையிலிருந்து கயிற்றைக் கழற்றி, கூடையைக் கொண்டுபோய்க் கிராணி முன்னால் வைத்தேன்.

"ஐயா, என் பேர வெட்டிடுங்க. நான் திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "என்னா வெளையாட்டு இது? கொலவ போட்டு வாங்கின நெரைய இங்க யாரும் திருப்பிக் குடுத்ததில்ல."

"நான் குடுக்கறேன்."

"அப்ப ஒங்கம்மாவுக்கு ஆயா வேல இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "பெத்தவ கால நெனச்சியாடி?" என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். அவள்தான் அன்றைக்கு முதலில் குலவை போட்டவள். கிராணி சொன்னது எனக்கு உறைக்கவில்லை, தண்டல் முறைத்தது உறைக்கவில்லை. அவள் கேட்டது உள்ளே போய்க் குத்தியது. பதில் சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அவர்கள் முன்னால் அழுவதில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொள்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்க மட்டும் எதற்கு நான் எல்லாரையும் கேட்க வேண்டும்?

அம்மா கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. குனிந்து கூடையை எடுத்தாள். பக்கத்தில் நின்றவளிடம் ஒரு பிளாஸ்டிக் சீட்டைக் கேட்டு வாங்கித் துவைத்த சேலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள்.

"நெர என்னோடதுதான். எழுதிக்கிங்க" என்று கிராணியிடம் சொன்னாள். செருப்புக் காலோடு மலைக்குப் போனாள்.

ஆயா வேலை வேறொருத்திக்குப் போனது. அதன் பிறகும் அம்மா பத்து வருடம் மலையேறினாள். எண்பதுகளில் நான் ஆசிரியை வேலையில் சேர்ந்து, "போதும்மா, நின்னுடு" என்று சொன்ன பிறகும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் சொல்லித்தான் நின்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதேயில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு மகள் படிக்க வேண்டும் என்றால் ஒரு அம்மா நொண்ட வேண்டும் என்று கணக்குப் போட்டது நானா? கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் இன்னும் உயர்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். உயரட்டும்.

ஆனால் ஒரு காரியம் செய்ய முயன்றேன். நான்காம் படிவத்தில் முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை, பள்ளி இல்லை. அந்த வாரம் முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், சட்டைக்குப் பெட்டி போட்டாள், பேசவில்லை. நான் பழைய மாவுச் சாக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். லீவு ஆளாகவே வருகிறேன் என்று தண்டலிடம் சொல்லிவிட்டு மூன்றாவது நிரைக்குப் போனேன். சரிவின் மேல் பாதிதான் செங்குத்து. அதை நான் சனிக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் பறித்துவிட்டால், அந்த நாட்களிலாவது அம்மா கீழேயே நிற்கலாம். ஒரு வாரமாக வகுப்பில் உட்கார்ந்து நான் போட்ட திட்டம் அதுதான்.

அம்மா நாலு செடி ஏறியிருந்தாள்.

"நீ எதுக்கு வந்த?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மேல் பாதிய நான் பறிக்கிறேம்மா. நீ கீழயே இரு. சனிக்கெழமையெல்லாம் வர்றேன். ஏப்ரல் லீவுக்கும் வர்றேன்."

"எறங்கு."

"அம்மா, ஒனக்குக் கால்..."

"எறங்குடி கீழ" என்றாள். பறிப்பதை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "அத்தன பேரு முன்னால வேணாம்னு வச்ச நெர. இப்ப ஒளிஞ்சி வந்து பாதி எடுப்பியா? நாளைக்கி கிராணி மறுபடி ஒன் பேர எழுதுவான். வேணாம்னா முழுசா வேணாம்னு நில்லு. இனிமே இந்த நெரையில ஒன் கை பட்டிச்சி, வெட்டிருவேன். போய்ப் படி."

திரும்பி ஏறத் தொடங்கினாள். ஒரு கையால் செடியைப் பிடித்தாள், வலது காலை இழுத்து மேலே வைத்தாள், அடுத்த செடியைப் பிடித்தாள். நான் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செங்குத்தான இடத்தில் ஒரு தடவை முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்க்காமலே அவள் கையை மட்டும் நீட்டி, போ என்று காட்டினாள்.

வீட்டுக்குப் போனேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா இறங்கி வரும்வரை ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் மூடவில்லை.